முதல்முறையாக ஐ.சி.யூ. வாசலில் உட்காருபவர்களுக்கு: வலி மருந்தும் உளறலும்

இரவு இரண்டு மணிக்கு ஐ.சி.யூ. கதவைத் திறந்து, வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்களில் ஒருவரைத் தட்டி எழுப்புவேன். "உங்க அப்பா மூக்கு டியூபைப் பிடுங்கப் பார்க்கிறாருங்க. ஒரு நிமிஷம் உள்ளே வந்து பேசுங்க." எழுந்து வரும் மகனோ மருமகளோ கட்டிலருகே நின்றதும் முகம் வெளிறிப்போகும். நேற்று வரை தெளிவாகப் பேசிய மனிதர், சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்கிறார். என்னைக் காட்டி, "இவ என்னைக் கொல்லப் பார்க்கறா" என்கிறார்.

அப்போது அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "வலிக்குப் போடற ஊசிதான் மூளையைக் கலக்குது, அதை நிறுத்திருங்க சிஸ்டர்." இல்லையென்றால், "பார்க்க முடியலைங்க, தூங்கறதுக்கு ஒரு ஊசி போட்டுருங்க." இரண்டையும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் கேட்டபடியே செய்தால் பல நேரங்களில் நோயாளிக்குக் கெடுதலாகத்தான் முடியும்.

நான் சேலத்தில் 16 வருடமாக ஐ.சி.யூ. செவிலியராக இருக்கிறேன். ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், ஏற்காடு என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் குடும்பங்கள் வந்து உட்காருவதைப் பார்க்கிறேன். மருந்தை முடிவு செய்வது டாக்டர். ஆனால் டாக்டருக்கும் எனக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். இந்த மனிதர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், இது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

கடும் காய்ச்சலில் ஒருவர் பிதற்றினால் நம் ஆயாக்கள் "ஜன்னி கண்டுருச்சு" என்பார்கள். வலிப்புக்கும் அதே சொல்லைச் சொல்வதுண்டு. பிதற்றலாக வரும் அந்த ஜன்னியைத்தான் டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். இதற்கு மூன்று அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும். ஏறி இறங்கும், காலையில் உங்களை அடையாளம் கண்டு பேசியவர் மாலையில் யாரென்று கேட்பார். கவனம் ஓரிடத்தில் நிற்காது. நீங்கள் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் பார்வை எங்கோ போய்விடும்.

இது பைத்தியம் பிடித்ததாகாது. வயதான காலத்தில் மெல்ல மெல்ல வரும் மறதி நோயும் வேறு. உடம்பு பெரிய அடி வாங்கும்போது சிறுநீரகம் தடுமாறுகிறது, நுரையீரல் தடுமாறுகிறது. அதுபோல மூளையும் தடுமாறுகிறது. எவ்வளவு சகஜம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் வெஸ்லி ஈலி என்ற மருத்துவரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 224 பேரில் 183 பேருக்கு இது வந்திருந்தது. பத்தில் எட்டுப் பேர். அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் இப்படி என்று உடைந்துபோக வேண்டாம். அதே ஆய்வு, டெலிரியம் வந்தவர்களில் அடுத்த ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் அதிகம் என்றும் காட்டியது. சகஜம்தான் என்று விட்டுவிடவும் முடியாது.

அமைதியாகப் படுத்திருப்பவரையும் பாருங்கள்

கத்துகிறவர், டியூபைப் பிடுங்குகிறவர் எல்லோர் கண்ணிலும் படுவார். எனக்குக் கவலையெல்லாம் சத்தமே போடாத நோயாளியைப் பற்றித்தான். கண் பாதி திறந்திருக்கும், கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார், பதில் வராது, சாப்பாட்டில் நாட்டம் இருக்காது. குடும்பம் "நல்லா ரெஸ்ட் எடுக்கறாரு" என்று நிம்மதியாகப் போய்விடும். இதுவும் டெலிரியம்தான். தவறவிடப்படுவதும் இந்த வகைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒருவரைத் தவறவிட்டேன். அம்மாபேட்டைப் பக்கம் தறி நெய்து வாழ்ந்த பெரியவர், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். இரவு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. "அமைதியாக உறங்குகிறார்" என்று குறிப்பில் எழுதிவிட்டேன். காலையில் வந்த மகள் ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றுவிட்டு வெளியே வந்து, "சிஸ்டர், எங்கப்பா கை இப்படிப் போகாது. தறியில நாடா எறியற மாதிரி எறிஞ்சுக்கிட்டே இருக்காரு. கண்ணைப் பார்த்தா அவரு இங்க இல்லை" என்றார். போய்ப் பார்த்தோம். சிறுநீர் டியூப் அடைத்து வயிறு உப்பியிருந்தது. தையல் போட்ட இடத்தைத் தொட்டதும் உடம்பே இறுகியது. வலி இருந்திருக்கிறது, சொல்ல வாயில்லை. அடைப்பை நீக்கி, வலி மருந்தைச் சரி செய்தபின் அன்று மாலையே மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மகள் சொல்லியிராவிட்டால் இன்னும் எத்தனை மணி நேரம் அவர் அப்படிக் கிடந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

"இவர் இப்படி இருக்க மாட்டார்." இதை எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். முதல்முறை யாரும் காதில் வாங்கவில்லை என்றால் டியூட்டி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

சேர்த்த அன்றே சொல்ல வேண்டியவை

அட்மிஷன் பரபரப்பில் ஆதார் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் நினைவில் இருக்கும், இவை விட்டுப்போகும். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நாட்டு மருந்து, லேகியம், கடையில் வாங்கிய வலி மாத்திரை என எதையும் விடாதீர்கள். தூக்க மாத்திரை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினாலே குழப்பம் வரும், வலிப்புகூட வரலாம்.

அப்புறம் குடி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "குடிப்பாருங்களா?" என்று கேட்டால், பத்துப் பேர் முன்னால் மனைவி "இல்லைங்க" என்பார். மானப் பிரச்சினை, புரிகிறது. ஆனால் தினமும் குடித்தவர் படுக்கையில் விழுந்து குடி நின்றதும், கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, இல்லாத பூச்சிகளைப் பார்த்துப் பேசுகிற ஒரு கடுமையான டெலிரியம் வரக்கூடும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மருத்துவமே வேறு. மற்ற டெலிரியத்தில் நாங்கள் தவிர்க்கப் பார்க்கிற லோராசிபாம், டயசிபாம் போன்ற மருந்துகள்தான் இதற்கு முதல் மருந்து. கூடவே தயமின் வைட்டமினும் கொடுப்போம். ஆக, நீங்கள் மறைத்த ஒரு வார்த்தையால் வைத்தியம் நேர் எதிர்த்திசையில் போய்விடும். கூட்டத்தில் சொல்ல முடியவில்லை என்றால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் எவ்வளவு, கடைசியாக என்றைக்கு என்று சொல்லுங்கள். பீடி, ஹான்ஸ் பழக்கமும் அப்படித்தான்.

பயிருக்குப் பூச்சி மருந்து அடிக்கும்போது அது உடம்பில் ஏறி வருகிறவர்களும் எங்களிடம் உண்டு. அவர்களுக்கு அட்ரோபின் ஊசி தொடர்ந்து போக வேண்டியிருக்கும். அது உயிரைக் காக்கும் மருந்து. ஆனால் அளவு கூடினால் காற்றில் எதையோ பிடுங்குவதும் போர்வையை நோண்டுவதுமாக ஒரு பிதற்றலைத் தரும். அதைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள், அளவைப் பார்ப்போம்.

கண்ணாடி, காது மெஷின், பல்செட். இந்த மூன்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிகிற, காது சரியாகக் கேட்காத எழுபது வயதுக்காரர் முகக்கவசம் போட்ட ஆட்கள் நடுவே கண் விழித்தால், எதை நம்புவார்? பெயர் எழுதிய டப்பாவில் போட்டு எங்களிடம் கொடுங்கள். எப்போது மாட்டலாம் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வீட்டில் கூப்பிடும் பெயரையும் சொல்லிவிடுங்கள். நாகலூரிலிருந்து வந்த ஒரு பெரியவரை நாங்கள் ஆதாரில் இருந்த பெயரைச் சொல்லி அரை நாள் கூப்பிட்டும் திரும்பவில்லை. ஊரில் வேறு பெயராம். அதைச் சொன்னதும் கண்ணைத் திறந்தார்.

வலி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

பேச முடிந்தவரிடம் கேட்டுவிடலாம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி, உங்களுக்கு எவ்வளவு? நம் ஊர் ஆட்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. "வலிக்குதுங்களா?" என்றால், அதுவும் டாக்டர் கேட்டால், "பரவால்லைங்க" என்றுதான் வரும். அதனால் நீங்கள் வேறு மாதிரி கேளுங்கள். "திரும்பிப் படுக்க முடியுதா? இருமினா எங்க பிடிக்குது? மூச்சை இழுத்து விட முடியுதா?"

வாயில் டியூப் இருப்பவரிடம் நாங்கள் உடம்பைப் படிக்கிறோம். முகம் சுளிக்கிறதா, கை வலிக்கும் இடத்தை நோக்கிப் போகிறதா, கையை மடக்கிப் பார்த்தால் விறைத்துக்கொள்கிறதா, வென்டிலேட்டரோடு சண்டை போடுகிறாரா என்று நான்கையும் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 8. மூன்றோ அதற்கு மேலோ வந்தால் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். நாடித் துடிப்பையும் பிரஷரையும் மட்டும் வைத்து வலியை முடிவு செய்யக்கூடாது. மானிட்டரில் எண் நன்றாக இருக்கிறதே என்று நீங்களும் இருந்துவிடாதீர்கள். அவருடைய முகச்சுளிப்பு எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் பிடிபடும். முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு, அந்தப் புருவம் நெளிவது கோபத்திலா வலியிலா என்று தெரியும்.

இன்னொன்று. படுத்திருக்கும்போது இல்லாத வலி, புரட்டிப் போடும்போதும் கட்டு மாற்றும்போதும் வரும். நெஞ்சில் போட்ட டியூபை எடுப்பது ரொம்பவே வலிக்கும். அந்த வேலைக்கு முன்பே மருந்து கொடுக்க வேண்டும். "கட்டு மாத்தறதுக்கு முன்னாடி வலிக்கு ஏதாவது குடுப்பீங்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

மருந்துகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது

வலி மருந்தும் தூங்க வைக்கும் மருந்தும் ஒன்றல்ல. இங்கேதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. ஃபென்டனில், மார்ஃபின், பாரசிட்டமால் வலியைக் குறைப்பவை. மிடாசோலம், லோராசிபாம் தூங்க வைப்பவை. இவற்றுக்கு வலியைக் குறைக்கும் சக்தி கிடையாது. வலியோடு இருப்பவருக்கு இவற்றை மட்டும் கொடுத்தால், அவர் வலியோடேயே மயங்கிக் கிடப்பார். அதோடு, ஐ.சி.யூ. டெலிரியத்தைக் கூட்டும் மருந்துகளில் முதலில் சொல்லப்படுவதும் இந்த வகைதான். 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், முதலில் வலியைக் கவனி, அதற்கப்புறமும் தேவைப்பட்டால் மட்டும் லேசாகத் தூங்க வை, கூப்பிட்டால் கண் விழிக்கும் அளவுக்கு வைத்துக்கொள் என்கிறது. தூக்கத்துக்கு ப்ரோபோஃபால், டெக்ஸ்மெடிடோமிடின் போன்றவற்றை முதலில் எடுக்கச் சொல்கிறது. நீங்கள் இரவு இரண்டு மணிக்குக் கேட்கிற "தூங்கற ஊசி"யை நாங்கள் உடனே எடுக்காததற்குக் காரணம் இதுதான். மனசு இல்லாமல் இல்லை.

சரி, வலி மருந்தே குழப்பம் தருமா? தரலாம். மார்ஃபின் வகை மருந்துகள் அளவு கூடினால் மயக்கம், குழப்பம், மூச்சுக் குறைவு எல்லாம் வரும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தங்கிவிடும், அதனால் பெரும்பாலும் ஃபென்டனிலுக்கு மாற்றுவார்கள். பெத்திடின் என்ற பழைய ஊசியின் கழிவு நரம்பைக் கிளறிவிடும், அதனால் அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ட்ரமடால் வயதானவர்களுக்குக் குழப்பமும் வலிப்பும் தரக்கூடும். ஏற்கெனவே ட்ரமடால் போட்டு உளறிய அனுபவம் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். வலியைக் கவனிக்காமல் விட்டாலும் அதே குழப்பம் வரும். நியூயார்க்கில் இடுப்பெலும்பு உடைந்து சேர்ந்த 541 பேரைப் பார்த்து 2003இல் ஒரு ஆய்வு வந்தது. அறிவு தெளிவாக இருந்தவர்களிலேயே, கடும் வலி சரியாகக் கவனிக்கப்படாதவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தது. மிகக் குறைவாக மார்ஃபின் வகை மருந்து பெற்றவர்களுக்குத்தான் குழப்பம் அதிகமாக வந்தது. "ஊசியை நிறுத்துங்க" என்று நீங்கள் கேட்கும்போது எனக்குப் பயம் வருவது இதனால்தான். நிறுத்தச் சொல்வதைவிட, "அளவு சரியா இருக்குங்களா? கிட்னிக்கு ஏத்த மருந்துதானா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் நோயாளிக்கு நன்மை இருக்கிறது.

மார்ஃபின் என்றதும் "பழக்கமாயிருமே" என்று பயப்படுகிற குடும்பங்களும் நிறைய. சில நாள், வலிக்கு ஏற்ற அளவில், எங்கள் கண்முன்னால் கொடுப்பதில் அந்தப் பயம் தேவையில்லை. இந்த மருந்துகள் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. வலியோடு இருப்பவர்களுக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றே 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றை அத்தியாவசிய மருந்துகள் என்று தனியாகப் பிரித்தார்கள். பல நாள் தொடர்ந்து கொடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

மார்ஃபின் வகையைக் குறைவாகப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. ஏற்காட்டில் மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்தில்தான் ஏற்றியிருப்பார்கள். மிளகு பறிக்க ஏணி போட்டு ஏறி, விழுந்து, விலா எலும்பு நொறுங்கி மலையிறங்கி வருகிறவர்கள் உண்டு. விலா உடைந்தவருக்கு ஒவ்வொரு மூச்சும் வலி. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், சளி கட்டும், காய்ச்சல் வரும், அதிலிருந்து பிதற்றல் வரும். இப்படிப்பட்டவருக்கு மயக்க மருத்துவர் முதுகிலோ விலாப்பக்கத்திலோ நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட முடியும். எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா இடத்திலும் வசதி இருக்காது, ஆனாலும் "நரம்புக்கு மரத்துப்போற ஊசி இவருக்கு ஆகுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கூடவே நேரம் தவறாமல் பாரசிட்டமால் போனால் மற்ற மருந்தின் தேவை குறையும். காய்ச்சலே இல்லையே, எதற்குக் காய்ச்சல் மருந்து என்று சிலர் கேட்கிறார்கள். அது வலிக்காகத்தான்.

மார்ஃபின் வகை மருந்துகள் மலச்சிக்கல் தரும். இதைப் பேச வெட்கப்படாதீர்கள். நான்கு நாள் மலம் போகாத வயதானவர் அதனாலேயே குழம்பிப்போவார். "மோஷன் போனாருங்களா?" என்று தினமும் கேளுங்கள்.

உளறும்போது பக்கத்தில் எப்படி இருப்பது

பார்வை நேரம் பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோதான் இருக்கும். அதை அழுகையில் செலவழித்துவிடாதீர்கள். முகம் தெரிகிற மாதிரி முன்னால் நின்று, கையைப் பிடித்து, யார் என்று சொல்லுங்கள். "அப்பா, நான் உங்க பெரிய பொண்ணு. இது சேலம், ஆஸ்பத்திரி. வயித்துல ஆபரேஷன் முடிஞ்சுது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி." சின்னச் சின்ன வாக்கியமாக, ஒன்று முடிந்து ஒன்று. "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியாதபோது அவருக்கு இன்னும் பயம்தான் கூடும். சோதிப்பது எங்கள் வேலை. பத்து எழுத்துகளைச் சொல்லி, ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வோம். "கல் தண்ணியில மிதக்குமா?", "கடல்ல மீன் இருக்குமா?" என்று கேட்போம். 2001இல் வெளிவந்து, உலகம் முழுக்கப் பயன்படும் முறை இது. விளையாட்டாகக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் இல்லாத ஒன்றைப் பார்க்கிறார் என்றால் வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நேரமாச்சு, வண்டியை எடு" என்று ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தார். மகன் "திருவிழா மே மாசம்பா, இப்ப என்ன திருவிழா" என்று கத்த, அவர் இன்னும் மூர்க்கமானார். மருமகள் வந்து, "மாமா, போலாம். முதல்ல உடம்பு தேறட்டும். போன வருஷம் கோயில்ல என்ன கூட்டம், ஞாபகம் இருக்குங்களா?" என்றார். கோயிலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே ஒரு மாதிரி அடங்கிவிட்டார். பயத்துக்கு ஆறுதல் சொல்லி, தெரிந்த ஒன்றின் பக்கம் பேச்சைத் திருப்புவதுதான் எங்கள் அனுபவத்தில் பலன் தருகிறது.

செத்துப்போன அம்மா கட்டில் ஓரம் நிற்கிறார் என்று அவர் சொன்னால் வீட்டில் எல்லோரும் நடுங்கிப்போகிறார்கள். காலம் நெருங்கிவிட்டது, காத்து கருப்பு என்று பேச்சு கிளம்பும். மூளை தடுமாறும்போது இப்படித் தோற்றங்கள் வரும். அப்படிச் சொல்லிவிட்டு நலமாக நடந்து வீட்டுக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோட்டை மாரியம்மன் திருநீறு கொண்டுவந்தால் நெற்றியில் இடுங்கள், நாங்கள் தடுக்கமாட்டோம். வாயில் மட்டும் போடாதீர்கள், தீர்த்தமும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். கயிறு கட்டுவதென்றால் ஊசி ஏற்றாத கையில், எங்களைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மலையிலிருந்து தினமும் இறங்கிவர முடியாதவர்கள் போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். பேத்தி பேசியது, வீட்டு மாடு கன்று போட்ட செய்தி, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு நிமிடம் போதும். காதருகே வைத்துப் போட்டுக் காட்டுவோம்.

இரவும் பகலும்

ஐ.சி.யூ.வில் எப்போதும் விளக்கு எரியும், எப்போதும் ஏதோ ஒரு மெஷின் கூவும். இரவா பகலா என்றே தெரியாது. இரவுத் தூக்கம் கெட்டால் குழப்பம் கூடும். கட்டிலில் இருந்து பார்க்கிற இடத்தில் பெரிய எழுத்துத் தினக் காலண்டர் ஒன்று மாட்டலாமா என்று கேளுங்கள். பகலில் பேசுங்கள், உட்கார வைக்கலாமா என்று கேளுங்கள். டியூபோடு இருப்பவரைக்கூடக் கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பதுண்டு, அதைப் பார்த்துப் பதறாதீர்கள். சீக்கிரம் அசைய வைத்தால் மூளைக்கும் நல்லது.

கையைக் கட்டியிருந்தால்? பார்க்கவே நெஞ்சு பதறும். உயிர் தாங்கும் டியூபைப் பிடுங்கிவிடக் கூடாதே என்றுதான் சில நேரம் அப்படிச் செய்கிறோம். ஆனால் கட்டுவதே மூர்க்கத்தைக் கூட்டும் என்பதும் உண்மை. "நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன், கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுவீங்களா?" என்று கேளுங்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். நீங்களாக அவிழ்க்கவோ, ஊசி மெஷினைத் தொடவோ கூடாது.

டாக்டரிடம் கேட்க

ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் வெளியே வரும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும். துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதச் சொல்வது இவற்றைத்தான். இன்று வலி எவ்வளவு என்று பார்த்தீர்களா? குழப்பத்துக்குக் காரணம் தேடினீர்களா: ஆக்சிஜன், சர்க்கரை, உப்பு அளவு, தொற்று, சிறுநீர், மலம்? தூங்க வைக்கும் மருந்து ஏதாவது போகிறதா, அதை இன்று குறைக்க முடியுமா?

"குழப்பத்தைத் தீர்க்கும் மாத்திரை இல்லீங்களா?" என்று கேட்பார்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்தைச் சில நேரம், நோயாளி தனக்கோ பிறருக்கோ காயம் செய்துகொள்ளும் அளவுக்குப் போனால், கொடுப்பதுண்டு. அது மூர்க்கத்தை அடக்கும். டெலிரியத்தைச் சீக்கிரம் முடிக்காது. 2018இல் அமெரிக்காவில் 566 பேரிடம், மருந்தே இல்லாத வெற்று ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் குழப்பம் நீடித்த நாள்களில் வித்தியாசம் தெரியவில்லை. அடியில் இருக்கும் காரணத்தைத் தேடித் தீர்ப்பதுதான் வைத்தியம்.

வார்டுக்கு மாறிய பின், வீட்டுக்குப் போன பின்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் நாளிலிருந்து தினம் நான்கு வரி எழுதி வையுங்கள். இன்று டியூப் எடுத்தார்கள், இன்று மாமா வந்து பார்த்தார், இன்று உங்களுக்குக் காய்ச்சல். தேறியபின் அவருக்கு நடுவில் சில நாள்களே காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் யாரோ துரத்தியது, கட்டிப்போட்டது என்று பயங்கரமான நினைவுகள் இருக்கும். நோட்டைப் படித்தால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவராகவே பிரித்துக்கொள்வார். உளறலில் உங்களைத் திட்டியிருந்தால் அதை எடுத்துச் சொல்லிச் சிரிக்காதீர்கள். மனிதர் கூனிக்குறுகிப் போவார்.

வீட்டில் சில மாதம் மறதி, கணக்குத் தடுமாற்றம், கெட்ட கனவு இருக்கலாம். 2013இல் 821 பேரைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில், ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்து வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு வருடம் கழித்தும் நினைவும் சிந்தனையும் லேசான அல்சைமர் (மறதி நோய்) நோயாளியின் அளவில் இருந்தன. குழப்பம் நீண்ட நாள் இருந்தவர்களுக்கே இது அதிகம். எனவே வெள்ளிப்பட்டறை வைத்திருப்பவரை வந்த வாரமே கணக்கு நோட்டோடு உட்கார வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதற்குத் திரும்பட்டும். வீட்டிலேயே மீண்டும் திடீரென்று குழப்பம் வந்தால், ஓய்வில்லாததால்தான் என்று காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மந்தமாகிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் மருந்துப் பட்டியலை அங்கேயே நின்று ஒருமுறை படியுங்கள். ஐ.சி.யூ.வில் மூர்க்கத்துக்கு என்று தொடங்கிய மாத்திரையும் தூக்க மாத்திரையும் யாரும் நிறுத்தாமல் அப்படியே பட்டியலில் தொடர்வது உண்டு. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, "இது எதுக்குங்க, எத்தனை நாளைக்கு?" என்று கேட்டு, பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.